கோணத்தில் மலர்ந்த கோலம்

மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சிதம்பரத்தில் என் ஆயா வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஆயா கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியப்பா மகள் அக்கா, தான் ஜூனியர் கல்லூரியில் படித்தபோது பயன்படுத்திய கணிப்பான் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். அது நம் கடைத்தெருவில் கிடைக்கும் கூட்டல் கழித்தல் கணிப்பான் அன்று. சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் படத்தையே வரைந்து காட்டும் வரைகணிப்பான். இத்தகைய கருவியை முதன்முதலில் 1985ஆம் ஆண்டு கேசியோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. என்னிடம் உள்ளது டி.ஐ.-84 பிளஸ் என்னும் வகை. அதன் திரையில் குறுக்கே 96 புள்ளிகளும் நெடுக்கே 64 புள்ளிகளும் மட்டுமே உண்டு. கைப்பேசித் திரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஏழைத் திரையாகத் தோன்றும். ஆயினும் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிந்து படம் வளர்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

அதில் நான் மூன்றிதழ்ப் பூ ஒன்றை வரைந்து ஆயாவிடம் காட்டினேன். பிறகு நான்கிதழ், ஐந்திதழ், எட்டிதழ். ஆயா கோலமாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்கள். "எல்லாம் சரி பாப்பா, ஆறு இதழ் எங்கே? நான் வாசல்ல போடுறது ஆறு இதழ்தானே?" என்று கேட்டார்கள். நான் எத்தனை எண்களை மாற்றிப் போட்டும் ஆறு இதழ் வரவேயில்லை. மூன்று வந்தது, பன்னிரண்டு கூட வந்தது, ஆறு மட்டும் வரவில்லை!

தோழியரே, விடைக்கு வருமுன் இந்தப் பூக்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் வகுப்பில் ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு அச்சுகள் வரைகிறோம். கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை என்று கட்டம் எண்ணிப் போகிறோம். ஆனால் வழி கேட்பவருக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அந்தப் பக்கம் பார்த்து இவ்வளவு தூரம் போங்கள்" என்றுதான் சொல்கிறோம். எந்தப் பக்கம் என்பது கோணம். எவ்வளவு தூரம் என்பது ஆரம். இந்த இரண்டு எண்களே துருவ ஆயங்கள். நடுவில் நாம் நிற்கும் இடத்துக்குத் துருவம் என்று பெயர். கோணத்தைக் கிழக்கிலிருந்து தொடங்கி இடஞ்சுழியாக அளப்பது கணித வழக்கம்.

கடலூரைத் துருவமாக வைத்துக்கொள்வோம். சிதம்பரம் பறவை பறக்கும் நேர்வழியில் சுமார் 40 கி.மீ. தூரத்தில், தெற்கே சற்று மேற்காக இருக்கிறது. ஆகவே அதன் ஆரம் 40, கோணம் ஏறக்குறைய 258 பாகை.

இனித்தான் வேடிக்கை. ஆரம் குறை எண்ணாகவும் இருக்கலாம்! தூரம் எப்படிக் குறை எண் ஆகும் என்று நானும் குழம்பினேன். எங்கள் கணித ஆசிரியை அருட்சகோதரி அவர்கள் இதை விளக்கியது எனக்கு மறக்காது. "258 பாகைக்குப் பதிலாக நீ 78 பாகைப் பக்கம் முகத்தைத் திருப்பி நில். அதாவது கிட்டத்தட்டப் புதுச்சேரியைப் பார்த்து நில். இப்போது முகத்தைத் திருப்பாமல் 40 கி.மீ. பின்னோக்கி நட. எங்கே போய்ச் சேருவாய்?" என்று கேட்டார்கள். சிதம்பரம்! புதுச்சேரியைப் பார்த்துக்கொண்டே சிதம்பரம் போகிறவளை எண்ணி வகுப்பே சிரித்தது. ஆனால் ஆரம் −40, கோணம் 78 என்பதும், ஆரம் 40, கோணம் 258 என்பதும் ஒரே ஊர்தான். இந்தப் பின்னோக்கிய நடையைப் புரிந்துகொண்டால் பூக்களின் இரகசியம் முழுவதும் புரிந்துவிடும்.

ஆரம் = கொசைன் (3 × கோணம்) என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். கோணம் 0 பாகை எனில் ஆரம் 1. கோணம் 10 எனில் கொசைன் 30, அதாவது 0.87. கோணம் 20 எனில் 0.5. கோணம் 30 எனில் கொசைன் 90, அதாவது 0. கோடு துருவத்துக்கே திரும்பிவிட்டது. அரை இதழ் முடிந்தது. 40 பாகையில் ஆரம் −0.5. இப்போது நாம் 40 பாகைப் பக்கம் பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறோம். ஆகவே புள்ளி 220 பாகைப் பக்கம் விழுகிறது. 60 பாகையில் ஆரம் −1. அது 240 பாகைப் பக்கத்து இதழின் நுனி. இப்படியே 180 பாகை வரை சென்றால் மூன்று இதழ்களும் முடிந்துவிடும்.

180க்குப் பின் என்ன ஆகும்? கோணத்துடன் 180 கூட்டினால், கொசைனுக்குள் இருக்கும் கோணம் 3 × 180, அதாவது 540 கூடுகிறது. 540 என்பது ஒரு முழுச்சுற்றும் ஓர் அரைச்சுற்றும். அரைச்சுற்று கூடினால் கொசைனின் குறி மாறும். ஆக, முகம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, நடையும் பின்னோக்கி மாறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பழைய புள்ளிக்கே வந்து நிற்கிறோம். கோடு தன் சுவட்டின் மேலேயே இன்னொரு முறை நடக்கிறது. திரையில் புதிதாக ஒன்றும் தோன்றாது. 3க்குப் பதிலாக 2 போட்டால், கூடுவது 360. குறி மாறவில்லை, முகம் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியது. எனவே எதிர்ப்பக்கத்தில் புதிய இதழ் பிறக்கிறது. ஒற்றைப்படை எண்ணுக்கு அத்தனை இதழ், இரட்டைப்படை எண்ணுக்கு இரண்டு மடங்கு இதழ் என்ற விதி இதனால் வந்ததே.

ஆயாவின் கேள்விக்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஆறு இதழ் வேண்டுமானால் ஒற்றைப்படையில் 6 இல்லை. இரட்டைப்படையில் இரண்டு மடங்கு 6 ஆக 3 வேண்டும். 3 இரட்டைப்படை அன்று. முழு எண் எதைப் போட்டாலும் ஆறு வராது. பத்து இதழும் வராது. நான் விடுமுறையில் வீணாக்கிய இரண்டு மாலைப்பொழுதுகளுக்கு இதுவே காரணம்.

கணிப்பானை இயக்கும் முறையையும் சொல்லவேண்டும். ஏனெனில் நான் செய்த பிழைகள் எல்லாம் அங்கேதான். முதலில் 'மோடு' என்ற பொத்தானை அழுத்தித் துருவ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பக்கத்தில் கோணத்தைப் பாகையில் தருவதா, ரேடியனில் தருவதா என்று கேட்கும். ரேடியன் என்பது கோணத்துக்கு இன்னோர் அளவு. ஒரு ரேடியன் ஏறக்குறைய 57.3 பாகை. கருவி முதலில் ரேடியனில் இருந்தது. முழுச்சுற்றுக்கு 6.28 ரேடியன் என்று 'விண்டோ' பக்கத்தில் எழுதியிருந்தது. நான் பாகைக்கு மாற்றினேன். ஆனால் அந்த 6.28ஐ மாற்றவில்லை. கருவி மிகுந்த கீழ்ப்படிதலுடன் 6.28 பாகை வரை மட்டும் வரைந்து நின்றுவிட்டது. பூவுக்குப் பதில் எறும்பு அளவு ஒரு கோடு! கருவி பழுது என்று எண்ணி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "360 போட்டாயா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

திரை அகலமாக இருப்பதால் இரண்டு அச்சுக்கும் −10 முதல் 10 வரை என்று கொடுத்தால் வட்டம்கூட முட்டை வடிவில் வரும். 'ஜூம்' பொத்தானில் சதுரம் என்ற ஐந்தாம் தேர்வைக் கொடுத்தால் சரியாகிவிடும். இது சிறு விஷயம்.

பெரிய விஷயம் படி. கருவி எல்லாக் கோணத்துக்கும் கணக்குப் போடுவதில்லை. 0, 5, 10, 15 என்று நாம் சொல்லும் படியில் தாவித் தாவிக் கணக்கிட்டு, இடைவெளியை நேர்க்கோட்டால் இணைத்துவிடும். படி சிறியதானால் படம் மெதுவாக வரும். பெரியதானால் விரைந்து வரும். பள்ளி திறந்ததும் கணித மன்றத்தில் தோழியர் முன்னிலையில் நான் ஆரம் = 8 × கொசைன் (2 × கோணம்) என்ற நான்கிதழ்ப் பூவை வரைந்து காட்ட முற்பட்டேன். மணியடிக்கும் நேரம் நெருங்கியதால், விரைவாக வரட்டும் என்று படியை 45 ஆக்கினேன். திரையில் பூ வரவில்லை. நான்கு கைகளும் சமமான ஓர் அழகிய சிலுவை வந்தது!

"சிலுவை! சிலுவை!" என்று வகுப்பில் ஒரே ஆரவாரம். ஒருத்தி கைகூட எடுத்துக் கும்பிட்டுவிட்டாள். ஏதோ அற்புதம் நிகழ்ந்ததுபோல எனக்கும் ஒரு கணம் உடல் சிலிர்த்தது. அருட்சகோதரி அவர்கள் அருகில் வந்து பார்த்துப் புன்னகைத்து, "புள்ளிகளைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். கணக்கிட்டோம். 0 பாகையில் ஆரம் 8: கிழக்கு நுனி. 45இல் 0: துருவம். 90இல் −8: வடக்கே பார்த்துப் பின்னோக்கி நடந்தால் தெற்கு நுனி. 135இல் மீண்டும் துருவம். 180இல் மேற்கு நுனி. 225இல் துருவம். 270இல் வடக்கு நுனி. பின்பு துருவம் வழியாகக் கிழக்கே திரும்பியது. நுனி, நடு, நுனி, நடு என்று மட்டுமே கேட்டுவிட்டு, இதழின் வளைவைக் கேட்காமலேயே கருவி கோடு போட்டுவிட்டது. படியை 90 ஆக்கிப் பார்த்தோம். சாய்ந்த சதுரம் வந்தது. 5 ஆக்கினோம், பூ மலர்ந்தது.

"இயந்திரம் பொய் சொல்லவில்லை. நீ குறைவாகக் கேட்டாய், அது மீதியை ஊகித்தது" என்றார்கள் அருட்சகோதரி. அந்தச் சிலுவையை அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் படி விஷயம் விளையாட்டு அன்று என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் டிசம்பர் 30ஆம் நாள் வந்தால் ஆயா தவறாமல் தானே புயலைப் பற்றிப் பேசுவார்கள். 2011ஆம் ஆண்டு அதே நாள் அதிகாலையில்தான் அப்புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது எனக்கு ஒரு வயது. எங்கள் கடலூர் வீட்டில் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க, ஆயா என்னை மடியில் வைத்துப் போர்வையால் மூடிக்கொண்டு ஜெபமாலை சொன்னார்களாம். வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எங்கே போயிற்றென்று இன்றுவரை தெரியாது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. காய்க்கும் பலா வளர எத்தனை வருடம் ஆகும் என்பது நம் மாவட்டத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

புயலுக்கும் பூவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ராடார் பார்ப்பதெல்லாம் துருவ ஆயத்தில்தான்! ராடார் நிற்குமிடமே துருவம். அது ஒரு திசையில் அலையை அனுப்புகிறது. மழைத்துளிகளில் பட்டு அலை திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அறிகிறது. திசை கோணம்; தூரம் ஆரம். (ராடார்க்காரர்கள் கோணத்தை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கிறார்கள், நாம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக. இரண்டையும் குழப்பிக்கொண்டால் புயல் வேறு ஊருக்குப் போய்விடும்.) சென்னையில் 2002ஆம் ஆண்டு டாப்ளர் ராடார் நிறுவப்பட்டது, தானே புயலை அது கண்காணித்தது. அத்தகைய ராடாரின் அலைக்கற்றையின் அகலம் ஏறக்குறைய 1 பாகை. அதுவே அதன் படி. 1 பாகை என்றால் சிறியது என்று தோன்றும். ஆனால் சென்னையிலிருந்து கடலூர் நேர்வழியில் சுமார் 160 கி.மீ. அந்தத் தூரத்தில் 1 பாகையின் அகலம் எவ்வளவு? 160ஐ 57.3ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.8 கி.மீ. அந்த அகலத்துக்குள் இருப்பதை எல்லாம் அது ஒன்றாகவே காணும். தூரம் கூடக் கூட அகலமும் கூடும். அருகில் ராடார் இருப்பது ஏன் நல்லது என்பதற்கு இது ஒரு காரணம்.

புயலின் மையம் எங்கே என்று சரியாகத் தெரிவது எங்களைப் போன்ற கடலோரத்து மக்களுக்கு உயிர்ப் பிரச்சினை. நம் பகுதியில் புயல் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கிழக்கிலிருந்து வரும் புயலின் மையம் நமக்குத் தெற்கே கரையேறினால், காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். கடல்நீரையும் தள்ளிக்கொண்டு வரும். மையம் நமக்கு வடக்கே கரையேறினால், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மையமே நம்மேல் வந்தால், காற்று சட்டென்று நின்றுபோகும். புயல் ஓய்ந்தது என்று வெளியே வந்தவர்களை எதிர்த்திசைக் காற்று வந்து தாக்கும்.

ராடார் படத்தில் கண் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. தெரியாதபோது வானிலை அறிஞர்கள் ஒரு துருவச் சமன்பாட்டைத் துணைக்கு அழைக்கிறார்கள். புயலைச் சுற்றியுள்ள மழைமேகங்கள் சுருள் வடிவில் உள்ளே செல்லும். அந்தச் சுருள் மடக்கைச் சுருள் எனப்படும் வளைவை ஒத்திருக்கும். ஒளி ஊடுருவும் தாளில் அச்சுருளை வரைந்து, படத்தின் மேல் வைத்து, மழைப்பட்டையோடு பொருந்தும்வரை நகர்த்துவார்கள். பொருந்தியதும் சுருளின் துருவம் எங்கே நிற்கிறதோ அதுவே புயலின் மையம் என்று மதிப்பிடுவார்கள்.

பத்தாம் வகுப்புத் தோழியருக்கு இச்சுருளைப் புரியவைப்பது எளிது. நாம் கூட்டுத் தொடர்வரிசையும் பெருக்குத் தொடர்வரிசையும் படிக்கிறோம் அல்லவா? ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் ஒரே அளவு கூடினால் அது ஆர்க்கிமிடீஸ் சுருள். சுருட்டி வைத்த பாயைப் போல இடைவெளி மாறாதது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் ஒரே மடங்கு பெருகினால் அது மடக்கைச் சுருள். புயலுக்குப் பயன்படும் சுருள்களில் 10 பாகைச் சுருள் என்பது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3 மடங்கு விரியும்; 20 பாகைச் சுருள் ஏறக்குறைய 10 மடங்கு விரியும். இந்தப் பாகை, வட்டப் பாதையிலிருந்து சுருள் எவ்வளவு சாய்ந்து செல்கிறது என்பதைக் குறிக்கும்.

நான் கருவியில் 3இன் அடுக்காகக் கோணத்தை 360ஆல் வகுத்துப் போட்டு ஒரு சுருள் வரைந்தேன். மிக அழகாக வந்தது. அருட்சகோதரி அவர்களிடம் பெருமையுடன் காட்டினேன். "இது எந்த நாட்டுப் புயல்?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விரலால் தொடர்ந்து பார்த்தேன். இடஞ்சுழியாகச் சென்றால் என் சுருள் வெளியே விரிந்தது. உள்ளே போக வலஞ்சுழியாக அல்லவா சுற்றவேண்டியிருந்தது! அது தென்கோளத்துப் புயல். கோணத்தின் முன்னே ஒரு கழித்தல் குறி போட்டு, ஆரம் = 10 × 3இன் அடுக்கு (−கோணம் ÷ 360) என்று திருத்தி, கோணத்தை 1080 வரை நீட்டினேன். ஆரம் 10இல் தொடங்கி ஒரு சுற்றுக்குப் பின் 3.33, பின் 1.11, பின் 0.37 என்று சுருங்கி, இடஞ்சுழியாக உள்ளே சென்றது. வங்கக்கடல் புயல் ஒரு கழித்தல் குறியில் வந்து சேர்ந்தது.

கருவி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளில் இவை எல்லாவற்றையும் வரையலாம். கோணமானியும் அளவுகோலும் கொண்டு கையால் வரைந்தாலும் வரும். 10 பாகைக்கு ஒரு புள்ளி போதும். உண்மையில் கையால் ஒரு முறை வரைந்த பிறகே எனக்குப் பின்னோக்கிய நடை பழகியது.

இனி ஆறிதழ். இரண்டு வழி கண்டோம். முதல் வழி, கொசைன் (3 × கோணம்) என்பதன் மட்டு மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்வது. பின்னோக்கி நடப்பதையே தடை செய்துவிட்டால், பழைய சுவட்டின்மேல் விழுந்த இதழ்கள் மூன்றும் தத்தம் பக்கம் மலர்ந்து ஆறாகிவிடும். இது சற்று மோசடி போல எனக்குப் பட்டது. இரண்டாம் வழியே எனக்குப் பிடித்தது: முழு எண்ணை விட்டு, ஆரம் = கொசைன் (1.5 × கோணம்) என்று போடுவது. 360 பாகையில் நிறுத்தினால் பாதிப் பூதான் வரும். 720 வரை, அதாவது இரண்டு சுற்று விடவேண்டும். 0, 120, 240, 360, 480, 600 ஆகிய கோணங்களில் ஆரம் 1, −1, 1, −1, 1, −1. நுனிகள் விழும் திசைகள் 0, 300, 240, 180, 120, 60. ஆறு இதழ்! ஒவ்வோர் இதழும் 120 பாகை அகலம் இருப்பதால் பக்கத்து இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்கின்றன. கோடு எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. பார்க்கச் சிக்குக் கோலமே போல் இருந்தது.

சிக்குக் கோலம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து கோலங்களைக் கணினி அறிவியலின் பார்வையில் ஆராய்ந்து 1974ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது துருவச் சமன்பாடு அன்று. ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதும் வழி. நம் வாசலில் தினமும் அழிந்துபோகும் ஒன்றை அறிஞர்கள் இவ்வளவு மதித்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஆயாவின்மேல் மரியாதை கூடியது.

பொங்கல் விடுமுறைக்கு மீண்டும் சிதம்பரம் சென்றேன். முதலில் சுருளைக் காட்டினேன். ஆயா அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, விரலை நடுவில் வைத்து, "அன்னிக்கு நம்ம வீடு இதுல எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றார்கள். தானே நமக்குச் சற்று வடக்கே கரையேறியது என்பதால், நடுவுக்குக் கீழே, சற்றே தள்ளி ஓரிடத்தைக் காட்டினேன். ஆயா ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஆறிதழைக் காட்டினேன். இரண்டு முறை வரையச் சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் விடியற்காலையில் வாசல் தெளித்து, அதே பூவைக் கையெடுக்காமல் ஓர் இழையில் போட்டு முடித்தார்கள். கருவிக்குப் பத்து வினாடிக்கு மேல் ஆகும் படம் அது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் ஆயாவுக்கு முழுத் திருப்தி இல்லை. "புள்ளி வைக்காம ஒரு கோலமா?" என்று என்னைக் கடிந்துகொண்டு, ஒவ்வோர் இதழுக்கும் ஒன்றாக ஆறு புள்ளியும் நடுவில் ஒன்றும் வைத்துவிட்டு எழுந்தார்கள்.